ஒரே ஒரு குற்றச்சாட்டு

டாக்டர் நாகசுப்பிரமணியனைத் தமிழ்ச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியே தீர வேண்டும் என்பதில் அன்று கூடியிருந்தவர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. எதற்காக இறக்க வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருந்தது.

மாண்ட்ரியாலை ஒட்டிய லொங்குய்யில் ஸ்ரீகுமார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். 1974ஆம் வருடம், பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது. மூலையில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் அதே கதைதான். அமெரிக்க ஜனாதிபதியை எப்படி இறக்குவது என்று கோட்டுப் போட்டவர்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் நாடகத்தைக் கால் மணி நேரமா வெட்டினார் சார்" என்றான் ஸ்ரீகுமார். விமானக் கம்பெனியில் இன்ஜினீயர், ஆனால் மனசெல்லாம் மேடைமேல். "மூணு அங்கம் எழுதி, மூணு மாசம் ஒத்திகை பார்த்து, தீபாவளி அன்னிக்கு ராஜா செத்த உடனே திரையை இழுத்துட்டார். ராஜா ஏன் செத்தான்னு சபைக்கே தெரியாது. எதுக்கு? இவர் பேசணும்! அதை எழுதுங்க முதல்ல."

"அது கிடக்கு. மைக்குல என் கார் நம்பரைப் படிச்சு, குறுக்கே நிறுத்தியிருக்கிற அறிவாளி உடனே வந்து எடுக்கணும்னு சொன்னாரே, அது?" என்றார் அரங்கநாயகம். கணிதப் பேராசிரியர். அந்த 'அறிவாளி' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து ஒரு வருடமாகியும் எடுபடவில்லை.

சமையலறையில் ஸ்ரீகுமாரின் மனைவி அனுசூயா காபி ஆற்றிக்கொண்டே சிரித்தாள். பக்கத்தில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளைத் தவிர அந்த வீட்டிலிருந்த எல்லோரும் சங்கத்தின் உறுப்பினர்கள். அவளும் ஜனவரி வரை அப்படித்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஏழு வருடத்துக்கு முன்னால் கணவன் தனசேகரோடு மாண்ட்ரியாலுக்கு வந்தவள். சென்ற கோடையில் அவன் கால்கரிக்கு மாற்றல் என்று போனான். போனவன் தனியாகப் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பொங்கலன்று அவள் ஆறு வயது முகுந்தனைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்ற சங்கத்து வழக்கப்படி எலுமிச்சை சாதத்தைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு, பஸ் மாறி மண்டபத்துக்குப் போனாள். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வரவேற்றுக்கொண்டிருந்த டாக்டர் அவளை ஓரமாக அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. நம்ம சங்கத்துல குடும்ப உறுப்பினர்தான் உண்டு. குடும்பத் தலைவர் இல்லேன்னா... உன் பேரை எடுத்தாச்சு. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான்."

பின்னால் வரிசை நின்றது. அவள் பாத்திரத்தோடு திரும்பிவிட்டாள். அன்று ராத்திரியும் மறுநாளும் அம்மாவும் பிள்ளையும் எலுமிச்சை சாதமே சாப்பிட்டார்கள்.

சங்கம் என்றால் மாதத்துக்கொரு சினிமா, வருடத்துக்கு மூன்று பண்டிகை, அவ்வளவுதான். ஆனால் வாரம் முழுக்க இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் நாக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பவளுக்கு, "வசந்தா, இளைச்சுட்டியே" என்று ஒருவர் தமிழில் கேட்கும் இடம் அந்த ஊரில் வேறு கிடையாது. முகுந்தனுக்குத் தன்னைப்போல் இன்னும் பத்துப் பிள்ளைகள் உலகத்தில் உண்டு என்று தெரியும் இடமும் அது ஒன்றுதான். அது போனால் அவளுக்கு அந்த ஊரில் பனி மட்டும்தான் மிச்சம்.

கூடத்தில் மணிவாசகத்தின் குரல் எழுந்தது. பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் எடுப்பவர். சங்கத்தின் விதிகளை ஆரம்பத்தில் எழுதியவரும் அவரே.

"சார், பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். நீங்க பத்துக் குற்றம் சொல்லுங்க. அவர் எழுந்து, நாடகமா, மன்னிச்சுக்கோன்னுவார். காரா, விளையாட்டுக்குச் சொன்னேன்னுவார். சபை சிரிக்கும். சிரிச்ச சபை கை தூக்காது. வந்த வீடுங்கள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

"அதுவும் யாருக்கு எதிரா? இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைங்க பாதி அவர் கையில பொறந்தது" என்றாள் அனுசூயா, சமையலறையிலிருந்தபடியே. டாக்டர் பிரசவ மருத்துவர். பாதி ராத்திரியில் பனிப்புயலில் காரோட்டி வந்து பிள்ளை எடுத்துக் கொடுத்தவர். அதற்காக ஒரு நன்றி வார்த்தைகூட எதிர்பார்க்காதவர். அதுதான் தொல்லை.

"அதனாலதான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. அவர் சிரிச்சு மழுப்ப முடியாதது, விதியில நேரா இடிக்கிறது."

"தேர்தலைத் தள்ளிப் போட்டாரே?" என்றார் அரங்கநாயகம்.

"அது யாருக்கு வலிச்சுது? தேர்தல்ல நிக்க ஆளே இல்லேன்னுவார், உண்மையும் அதான்." மணிவாசகம் குரலைத் தாழ்த்தினார். "உறுப்பினரை நீக்கணும்னா செயற்குழு கூடணும், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேக்கணும். அஞ்சாவது விதி. நான் எழுதினது. செயற்குழுவுல நானும் இருக்கேன். ஒரு கூட்டமும் நடக்கல."

எல்லோருடைய பார்வையும் சமையலறைப் பக்கம் திரும்புவதை வசந்தகுமாரி முதுகிலேயே உணர்ந்தாள்.

மணிவாசகம் எழுந்து வந்து கதவோரம் நின்றார். "அம்மா, உங்க சம்மதம் இல்லாம இதை எடுக்க மாட்டோம்."

"என்னன்னு சொல்லுவீங்க சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் ஸ்ரீகுமார் உணர்ச்சிவசப்பட்டு வந்துவிட்டான். "கட்டின புருஷனால கைவிடப்பட்டு, கையில பச்சைக் குழந்தையோட, பண்டிகை நாள்ல வாசல்ல கண்ணீரோட நின்ன ஒரு அபலையை..."

"ஏங்க, இது உங்க நாடகம் இல்ல" என்றாள் அனுசூயா.

வசந்தகுமாரியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் அழல. பையன் பச்சைக் குழந்தையும் இல்ல, முன்பல்லு விழுந்தாச்சு." டம்ளரைக் கீழே வைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்."

அவள் யோசித்ததற்குக் காரணம் இருந்தது. தனசேகர் போனது ஈரோட்டில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்குத் தெரியாது. டாக்டரின் மனைவிக்கும் ஈரோடுதான். இரண்டு தெரு தள்ளி வீடு. இதுவரை அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. மண்டபத்தில் நாலு பேர் நடுவில் அடிபட்ட பேச்சு அப்படி அடங்கி இருக்காது. பத்தே நாளில் ஈரோட்டு மார்க்கெட்டில் கூடை வைத்திருப்பவர்கள் வரை தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து டாக்டரே போன் செய்தார்.

"வசந்தா, பையன் எப்படி இருக்கான்? இருமல் விட்டுதா?"

"நல்லா இருக்கான் டாக்டர்."

"மணிவாசகம் என்னமோ பண்றதாக் கேள்விப்பட்டேன். உன்னைக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டு ஆளாளுக்கு அவங்க கோவத்தைத் தீத்துக்கப் பாக்கறாங்க. நீ ஏன்மா நடுவுல?" குரலில் உண்மையான கனிவு இருந்தது. "தமிழ் வருஷப் பிறப்புக்கு அனுசூயா வீட்டு விருந்தாளியா வா. நானே வாசல்ல நின்னு கூப்பிடறேன். ஆனா சபையில கேள்வின்னு ஒண்ணு கிளம்பினா அது அதோட நிக்காது. புருஷன் எங்க, யாரோட, ஏன் போனான்னு கேப்பாங்க. நான் தடுக்க முடியாது பாரு."

அவள் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். விருந்தாளி. வருடா வருடம் யாராவது ஒருத்தி கையைப் பிடித்து அழைத்துப் போனால் போகலாம். முகுந்தன் வளர வளர, "நாம யார் வீட்டோட வந்திருக்கோம்?" என்று கேட்பான்.

"யோசிக்கிறேன் டாக்டர்" என்றாள். போனை வைத்த கையோடு மணிவாசகத்தின் எண்ணைச் சுழற்றினாள்.

"எடுத்துக்குங்க சார். ஆனா ஒரு நிபந்தனை. என் வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. என் கஷ்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. கூட்டம் போடாம எடுத்தாரா இல்லையா, அது மட்டும்தான். அதுக்கு மேல யாராவது பேசினா நானே எழுந்து போயிடுவேன்."

"நான் நினைச்சதை விடச் சின்னதா வெட்டிட்டீங்களே" என்றார் மணிவாசகம்.

மார்ச் மாதம் மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் பொதுக்கூட்டம். வாடகைக்கு எடுத்த சர்ச் அடித்தள மண்டபம். மண்டபத்தைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் தட்டிக்கொண்டே இருந்தன. காலையிலிருந்து கொட்டிய ஈரப் பனியையும் பொருட்படுத்தாமல் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். வாசலில் பூட்ஸுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. தலைவர் மேலேயே தீர்மானம் என்பதால் துணைத் தலைவர் சிவக்கொழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எறும்புக்கும் வலிக்காமல் பேசுகிற மனிதர். அந்த நாற்காலி அவருக்கு முள்ளாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

வசந்தகுமாரி கடைசி வரிசையில் அனுசூயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகுந்தனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மணிவாசகம் தீர்மானத்தைப் படித்தார். மூன்றே வரி. ஐந்தாவது விதியை மீறி, செயற்குழுவைக் கூட்டாமல், விளக்கம் கேட்காமல் ஓர் உறுப்பினரைத் தலைவர் தானாக நீக்கினார். ஆகவே அவர் பதவி விலக வேண்டும். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். 'இவ்வளவுதானா?' என்பதுபோல் சபையினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் எழுந்தார். உயரமான மனிதர், குளிருக்கும் வேட்டிதான், மேலே கம்பளிக் கோட்டு.

"என் மேல குறை ஒண்ணுதானா? நான் கேள்விப்பட்டது மூட்டை மூட்டையா இருக்குதே!" சபை சிரித்தது. "மனசுல வெச்சுக்கிட்டு ஏன் வேகணும்? நாமெல்லாம் ஒரு குடும்பம். இன்னிக்கே எல்லாத்தையும் கொட்டிடுங்க. ஸ்ரீகுமார், உன் முகத்தைப் பாத்தாலே தெரியுது, சொல்லுப்பா."

மணிவாசகம் சட்டென்று திரும்பி ஸ்ரீகுமாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஆனால் தூண்டில் புழு ஸ்ரீகுமாரின் வாய்க்கே வந்து தொங்கியது. ஒத்திகை மூன்று மாதம். அவன் எழுந்துவிட்டான்.

"ராஜா ஏன் செத்தான்னே தெரியாம..."

"உட்காருங்க!" என்று அனுசூயா பல்லைக் கடித்தாள். அவன் காதில் விழவில்லை. நாடகத்தின் கதையையே சொல்லி முடித்தான். டாக்டர் நெஞ்சில் கை வைத்து, "என் தப்பு. அடுத்த தீபாவளிக்கு மூணு அங்கமும் போடு. நான் பேசவே மாட்டேன்" என்றார். கைதட்டல். அது அடங்குமுன் அரங்கநாயகம் எழுந்து அறிவாளி விவகாரத்தை எடுத்தார். "நீங்க அறிவாளி இல்லேன்னு இந்தச் சபையில எவனாவது சொல்வானா சார்?" என்றார் டாக்டர். மண்டபம் அதிர்ந்தது. அரங்கநாயகமே சிரித்துவிட்டார். இன்னொருவர் சாம்பாரில் உப்பு என்றார். வேறொருவர் சினிமா பார்க்கும்போது புரொஜக்டர் கரகரப்பு என்றார். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் கும்பிட்டார். சபை முழுக்க இளகி, கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. மணிவாசகம் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் இந்த வசந்தா விஷயம்" என்றார் டாக்டர், குரலைத் தணித்து, போகிற போக்கில் என்பதுபோல். "பாவம், அந்தப் பொண்ணு வீட்டு நிலைமை உங்க எல்லாருக்கும் தெரியும். அதை இங்க விரிக்க வேண்டாம்னு பாக்கறேன். அவ வீட்டுக்காரர் போன விதம்..."

வசந்தகுமாரி எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் ஒரு கேள்வி கேக்கணும்."

சிவக்கொழுந்து தவித்துப்போனார். "அம்மா, அது வந்து... உறுப்பினர் மட்டும்தான்..."

"பேசட்டும், பேசட்டும்" என்றார் டாக்டர் பெருந்தன்மையாக. "நம்ம விருந்தாளி."

"விருந்தாளியாப் பேசல டாக்டர். என் பேரை எந்தக் கூட்டத்துல எடுத்தீங்க?"

"அதாம்மா, உன் வீட்டு நிலைமை..."

"என் வீட்டு நிலைமையை நானே சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயிட்டார். கால்கரியில வேற ஒருத்தரோட இருக்கார்." முதல் வரிசையில் டாக்டரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், செய்தி ஈரோட்டுக்குப் போயாகிவிட்டது. போகட்டும் என்று நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். "இனிமே அதை யாரும் விரிக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். எந்தக் கூட்டத்துல எடுத்தீங்க?"

"குடும்பத் தலைவர் இல்லாத இடத்துல குடும்ப உறுப்பினர்னு எப்படிம்மா வெச்சுக்கறது? நாலு பேர் பேச மாட்டாங்களா?"

"அந்த நாலு பேரும் எந்தக் கூட்டத்துல பேசினாங்க?"

யாரோ 'ம்' என்றார்கள். டாக்டரின் முகத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வடிந்தது. அவர் கையை உயர்த்திக் காட்டினார். கோபமாக அல்ல, வருத்தமாகத்தான்.

"வசந்தா, உன் பையன் கழுத்துல கொடி சுத்திக்கிட்டு நீலம் பாரிச்சு வந்தான். முதல்ல அவனைத் தூக்கினது இந்தக் கை. அவனை அழ வெச்சது இந்தக் கை. நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனா?"

இதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். சபையில் பல பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "நினைக்க மாட்டீங்க டாக்டர். அந்தக் கையை நான் சாகிற வரைக்கும் கும்பிடுவேன்." கையை இறக்கினாள். "எந்தக் கூட்டத்துல?"

வெந்நீர்க் குழாய் டொக் டொக் என்று அடித்தது. டாக்டர் சிவக்கொழுந்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் மணிவாசகத்தைப் பார்த்தார். அவர் நேராகப் பார்த்தார். டாக்டர் பொய் சொல்லிப் பழகாத மனிதர். அதுவும் அந்தச் சபைக்குத் தெரியும்.

"கூட்டம் போடல" என்றார். "நான்தான் முடிவு பண்ணினேன். எனக்குச் சரின்னு பட்டுது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வசந்தகுமாரியும் உட்கார்ந்தாள்.

சிவக்கொழுந்து, தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். வீட்டுக்கு ஒரு கை என்பது சங்கத்தின் முறை. எப்போதும் ஆண்கள்தான் தூக்குவார்கள். மணிவாசகத்தின் கை எழுந்தது. ஸ்ரீகுமாரின் கை, அரங்கநாயகத்தின் கை, இன்னும் சில கைகள். பிறகு நின்றுவிட்டது. போதாது என்பது எண்ணாமலே தெரிந்தது. பல ஆண்கள் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நடு வரிசையில் சரோஜினி கை தூக்கினாள். இரட்டைக் குழந்தைகளையும் அவளையும் ஒரே ராத்திரியில் காப்பாற்றிக் கொடுத்தவர் டாக்டர். அவள் அழுதுகொண்டே கையைத் தூக்கினாள். பக்கத்தில் அவள் கணவன் கை மடியிலேயே இருந்தது.

"வீட்டுக்கு ஒரு கைதாம்மா. உங்க வீட்டுல..." என்று இழுத்தார் சிவக்கொழுந்து.

கணவன் மனைவியைப் பார்த்தான். "அவ தூக்கினா சரிதான் சார்" என்றான். "என் கைக்கு வாதம்னு வெச்சுக்குங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு வரிசைக்கு இரண்டு, மூன்று என்று கைகள் எழுந்தன. வளையல் போட்டது, போடாதது. சிவக்கொழுந்து இரண்டு தடவை எண்ணினார். தேவைக்கு மேல் ஒன்று இருந்தது.

டாக்டர் எழுந்து சபைக்கு ஒரு கும்பிடு போட்டார். மனைவியை அழைத்துக்கொண்டு, குவிந்து கிடந்த பூட்ஸுகளில் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படியேறிப் போனார்.

"இப்பவே சூட்டோட சூடா அந்தத் தேர்தல் விஷயத்தையும்..." என்று அரங்கநாயகம் ஆரம்பித்தார். மணிவாசகம், "சார், போதும்" என்றார்.

மேலே தெருவில் கார் உறுமும் சத்தம் கேட்டது. உறுமிற்று, நின்றது, மறுபடி உறுமிற்று. சக்கரம் பனியில் சுற்றும் அந்தக் கீச்சிடலை அந்த ஊரில் ஒரு குளிர்காலம் கழித்தவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்போதுதான் பதவியிலிருந்து இறக்கிய மனிதரின் காரைப் போய்த் தள்ளுவதா? தள்ளாமல் இருப்பதா? எந்த விதியிலும் அது இல்லை.

கோட்டை முதலில் எடுத்தவள் வசந்தகுமாரிதான். அனுசூயா பின்னாலேயே ஓடினாள். அப்புறம் ஸ்ரீகுமார், அரங்கநாயகம், சரோஜினியின் கணவன், வாதம் வந்த கையோடு.

டாக்டரின் நீலக் கார் ஓரத்துப் பனிக் குவியலில் பாதி புதைந்திருந்தது. அவர் இறங்கி உதவி கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பின்பக்கம் வரிசையாகக் கை வைத்தார்கள். வசந்தகுமாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டுநர் பக்க மூலையில் தோளைக் கொடுத்தாள்.

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. "தள்ளி நில்லும்மா" என்றார் டாக்டர், முன்னால் பார்த்தபடியே. "சக்கரம் சுத்தினா உன் மேலதான் அடிக்கும்."

"அடிக்கட்டும். நீங்க மெதுவா கியரைப் போடுங்க."

"ஒண்ணு, ரெண்டு" என்று ஸ்ரீகுமார் மேடைக் குரலில் எண்ணினான். கார் ஒரு குலுக்கல் குலுக்கி, சேறும் பனியுமாக அவள் முகத்திலிருந்து பாதம் வரை வாரி அடித்துவிட்டு, தெருவில் ஏறிப் போயிற்று.